மூடிய குரலுக்கு ஒரு விதிவிலக்கு

தென்னூர்,
9 ஜூன் 2022

அன்பு,

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் உன் வீடு. இதற்குப் போய்க் கடிதமா என்று நினைப்பாய். நான் உனக்கு எழுதிய மெயிலை நீ அப்படியே குரல் செய்யும் பெங்களூர் கம்பெனிக்குத் தள்ளிவிட்டாய். அவர்களுடைய வக்கீல் அதிலிருந்து நாலு வரியை எடுத்துப் போட்டு எனக்கே பாடம் நடத்துகிறார். காகிதத்தைத் தள்ளிவிட வேண்டுமானால் நீ கொஞ்சமாவது எழுந்து நடக்கவேண்டும். அதனால் காகிதம்.

"ஜெஸிமா மூடிய மாட்யூலே கூடாதுங்கறா, கொள்கை பேசறா" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது என்னவென்று ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பேச்சுப்பலகையை நாம் இருவரும் எழுதினோம். உன் முருகானந்தம் அண்ணனுக்குக் குரல்வளையில் புற்று, எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் ஆரம்பித்தோம். பேச முடியாதவர் தட்டினால் அது உரக்கச் சொல்லும். அவ்வளவுதான். ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிடலாம் என்று சொன்னவன் நீ. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். "நாம வாங்குன மாதிரியே அடுத்தவனும் வாங்கணும்" என்று நீ சொன்னபோது நான் உன்னைப் பெருமையாகப் பார்த்தேன். அதற்காக இப்போது என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இப்போது கம்பெனி அண்ணனின் சொந்தக் குரலையே பலகையோடு சேரும் ஒரு தனிப் பகுதியாக, மாட்யூலாகச் செய்து தருகிறேன் என்கிறது. அதன் மூலநிரலைத் தரமாட்டார்கள். நம் உரிமத்தின்படி பலகையோடு ஒட்டி ஓடும் மாட்யூலும் திறந்திருக்க வேண்டும். அந்தச் சிக்கலுக்குத்தான் நான் ஒரு விதிவிலக்குப் பிரிவு எழுதினேன். குரல் மாட்யூல் மூடியே இருக்கட்டும். நாம் வைத்த வாசல் வழியாக மட்டும் பலகையோடு இணையட்டும். பலகையில் கைவைத்தால் மட்டும் அந்த மாற்றத்தைத் திறந்து காட்டட்டும். இதில் எங்கே கொள்கை வெறி இருக்கிறது?

அவர்கள் கேட்பது வேறு. பலகையையே எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். ஒரு ஓரத்தில் நம் பெயரைப் போட்டுவிட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம், எதையும் திருப்பித் தரவேண்டாம். அதற்கு நாம் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். நான் போடமாட்டேன்.

அறுவைக்கு முன் அண்ணன் என்னிடம் வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என் விதிவிலக்கை அவர்கள் ஏற்றால் நாளைக்கே அனுப்புகிறேன். அண்ணனையும் ஜோதி அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

ஜெஸிமா

*

ஸ்ரீரங்கம்,
17 ஜூன் 2022

ஜெஸி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறாய். உன்னிடம் குறை சொல்ல முடியாத அளவுக்கு நன்றாக எழுதுகிறாய். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ வெங்காய மண்டிக்கு வந்து பார்த்ததில்லை. நான் போன வாரம் போனேன். அண்ணன் ஏலம் கூறுகிற இடத்தில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருபது வருஷமாக அந்த மண்டியில் அவர் குரல் எழுந்தால் காந்தி மார்க்கெட் வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்கும். இப்போது நம் பலகை பேசுகிறது. "பெரம்பலூர் சரக்கு. முதல் தரம். யார் கேட்கிறீர்கள்?" தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு குரல். லோடுமேன் ஒருவன் மூட்டையை இறக்கிக்கொண்டே, "அண்ணே நியூஸ் வாசிக்கிறாரு டோய்" என்றான். இன்னொருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு "யார் கேட்கிறீர்கள்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, கழுத்துத் துளையில் காற்றுதான் வரும். அது உனக்குத் தெரியும்.

மண்டி முதலாளி மீரான் பாய் நல்ல மனுஷன். தோளில் கை போட்டு, "முருகானந்தம், கொஞ்ச நாளைக்கு உள்ள உக்காந்து கணக்கு பாருங்களேன்" என்றார். அண்ணன் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீ எழுதிய விதிவிலக்கைக் கம்பெனிக்கு அனுப்பத்தான் செய்தேன். "ஜி.பி.எல்.னு முதல் வரியில இருந்தாலே எங்க சட்டப் பிரிவு தொடாதுங்க, அதுக்கு அப்புறம் என்ன எழுதியிருந்தாலும்" என்றார்கள். இது நியாயமில்லை என்று நீ சொல்வாய். சரி, நியாயமில்லை. அவர்களிடம் குரல் இருக்கிறது. உன்னிடமும் என்னிடமும் இல்லை.

அதனால் முடிவு செய்துவிட்டேன். உன் நிரலைப் பார்த்தே இராத இரண்டு பேரை வைத்து நீ எழுதிய பகுதி முழுவதையும் புதிதாக எழுதிக்கொள்கிறேன். என் பகுதி என்னுடையது. இரண்டையும் சேர்த்து எம்.ஐ.டி.யில் வெளியிடுவேன். உன் கையெழுத்து தேவைப்படாது.

இன்னொன்று. அண்ணனின் குரல் பதிவு வேறு யாரிடமும் இருக்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூலக்கோப்புகளை அவர்களுக்கு அனுப்பிவிட்டு, உன்னிடம் இருக்கும் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிட்டதாக எனக்கு எழுத்தில் உறுதி கொடு.

அவர் என் அண்ணன், ஜெஸி. உலகத்தில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து யோசிக்க எனக்கு இப்போது நேரமில்லை.

அன்பு

*

தென்னூர்,
2 ஜூலை 2022

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

முருகானந்தம் அவர்களின் குரல் பதிவுகள் அனைத்தையும் கம்பெனி கொடுத்த முகவரிக்கு ஏற்றிவிட்டேன். அவர்கள் கிடைத்ததாகப் பதில் போட்டுவிட்டார்கள். என் கணினியிலும் தனி டிஸ்க்கிலும் இருந்த பிரதிகளை அழித்துவிட்டேன். வேறெங்கும் என்னிடம் பிரதி இல்லை. நீங்கள் கேட்ட எழுத்து உறுதி இதுவே.

அழிப்பதற்கு முன் எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் அழித்திருக்க மாட்டேன். அப்புறம் நீங்கள் வக்கீலை அனுப்பியிருப்பீர்கள்.

நம் இருவர் பெயரிலும் உள்ள பழைய பலகை, ஜி.பி.எல். உரிமத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கும். கொடுத்ததைத் திரும்பப் பெற அந்த உரிமத்தில் வழியில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெஸிமா

*

ஸ்ரீரங்கம்,
22 ஜனவரி 2023

ஜெஸி,

'அவர்களுக்கு' என்று எழுதிவிட்டாய். எனக்கு அப்படி எழுத வராது. பதில் போடவும் மாட்டாய். ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் குரல் வந்தது. வரகனேரியில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். ஜோதி அண்ணி சமையல்கட்டில் இருந்தார். அண்ணன் என்னென்னவோ தட்டி, அழித்து, தட்டி, கடைசியில் பொத்தானை அழுத்தினார்.

"ஜோதி, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா."

அவர் குரல், ஜெஸி. அந்த 'வா'வை இழுக்கிற இழுப்பு உட்பட. அண்ணி கையில் கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றுவிட்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அண்ணன் தட்டினார். "எத?"

"எதையாச்சும்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அண்ணன் மண்டியில் பழைய இடத்தில் போய் நின்றார். ஒலிபெருக்கியோடு இணைத்துக் கொடுத்தேன். முதல் கூவல் எழுந்ததும் மீரான் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேலி செய்த அதே பையன் ஓடிப்போய் அண்ணனுக்கு டீ வாங்கி வந்தான்.

நீ உரிமம் என்கிறாய். அண்ணி கரண்டியோடு நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்கு எந்த உரிமத்தைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன். உன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வந்தே இருக்காது. இதை உன்னைப் புண்படுத்த எழுதவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் புண்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்பு

*

தென்னூர்,
6 பிப்ரவரி 2023

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

அண்ணி கேட்டதைப் படித்து அழுதேன். அதை உங்களுக்குத் தெரிவிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும். அல்ஹம்துலில்லாஹ், அண்ணன் பேசுகிறார். அதற்கு மேல் நான் கேட்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விஷயம். தில்லை நகரில் நான் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போகும் கிளினிக்கில் ஆனந்தவள்ளி என்று ஒரு அம்மா, பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். அவர் மகன் இதே கம்பெனியின் ஆப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறான். லால்குடிப் பக்கம் சொந்தக் கிராமத்துக்குப் போய், நெட் கிடைக்காமல் சில நாள் இருந்ததில் ஆப் வாயை மூடிக்கொண்டுவிட்டது. திரும்பி வந்து நெட் கிடைத்ததும்தான் பேசியது. அது அவ்வப்போது கம்பெனியின் சர்வரைக் கேட்டு, சரி என்று பதில் வந்தால்தான் பேசுகிறது.

நீங்கள் எம்.ஐ.டி.யில் வெளியிட்ட பலகையை எடுத்து, அதற்குள் இந்தப் பூட்டை வைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த உரிமத்தின்படி அந்த மாற்றத்தை அவர்கள் உங்களுக்குக் காட்டவேண்டியதில்லை. காட்டாததை நீங்கள் கழற்றவும் முடியாது. கம்பெனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அண்ணனின் டேப்லெட் பேசும் என்று அவர்களிடம் எழுதி வாங்குங்கள். இப்போது கேட்டால் தருவார்கள். உங்கள் அண்ணனை வைத்துத்தான் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பதில் வேண்டாம். செய்தால் போதும்.

ஜெஸிமா

*

ஸ்ரீரங்கம்,
11 செப்டம்பர் 2024

ஜெஸி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கம்பெனியை வேறொருவன் வாங்கிவிட்டான். வாங்கினவனுக்குப் பேச முடியாதவர்களை வைத்து வியாபாரம் செய்வதில் அக்கறையில்லை. போன மாதம் ஒரு மெயில் வந்திருக்கிறது. வேண்டாத மெயில்களோடு போய்விட்டது. நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை, துறையூரிலிருந்து லோடு வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தட்டினார். டேப்லெட் ஒரு பெண் குரலில், ஒலிபெருக்கியில், மண்டி முழுக்கக் கேட்கும்படி, "இந்தச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. எங்களோடு இருந்ததற்கு நன்றி" என்றது. அண்ணன் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து வியாபாரிகள் கைதட்டியிருக்கிறார்கள். அவர் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தப் பெண் நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மீரான் பாய்தான் வந்து டேப்லெட்டைக் கையிலிருந்து வாங்கிவிட்டு அவரை உட்கார வைத்திருக்கிறார்.

கம்பெனி ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.

நீ சொன்னபடி எழுதி வாங்கினேனா என்று கேட்பாய். கேட்டேன். "பாத்துக்கலாம் சார்" என்றார்கள். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

உன்னிடம் அந்தப் பதிவுகளின் பிரதி ஒன்றாவது இருக்கும், ஜெஸி. எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை நீ. காலேஜ் ரெக்கார்டு நோட்டைக்கூட வைத்திருப்பவள். பிரதி இல்லை என்று கோபத்தில் எழுதியிருப்பாய். அந்தக் கோப்புகள் இருந்தால் நாமே ஒரு குரலைச் செய்துவிடலாம். எந்த உரிமம் வேண்டுமானாலும் போட்டுக்கொள். நான் எதுவும் பேசமாட்டேன்.

உடனே பதில் போடு.

அன்பு

*

தென்னூர்,
15 செப்டம்பர் 2024

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

என்னிடம் பிரதி இல்லை. நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள். நான் அழித்தேன். உறுதியும் எழுதிக் கொடுத்தேன். நான் பொய் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில் நீங்கள் இரண்டு வருஷம் இருந்திருக்கிறீர்கள். என்மேல் இவ்வளவு நம்பிக்கையை என் மெயிலைத் தள்ளிவிடுவதற்கு முன்னால் வைத்திருக்கலாம்.

உங்களுக்குத் தோன்றக்கூடிய ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். என் விதிவிலக்கோடு கம்பெனி வந்திருந்தாலும் அந்தக் குரல் மாட்யூல் அவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும். அதை மூடி வைக்கலாம் என்று எழுதியவளே நான்தான். அண்ணனின் குரலை என் உரிமம் காப்பாற்றியிருக்காது. ஆனால் பலகை நம் கையில் இருந்திருக்கும். பூட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கும். குரல் போன மறுநிமிஷம் வேறொரு குரலை மாட்டி அதே ஏலத்தை முடித்திருக்கலாம். ஊர் முன்னால் அந்தப் பெண் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்றிருக்க மாட்டாள்.

பழைய பலகையைக் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்காக நான் விடாமல் சரிசெய்து வருகிறேன். புது டேப்லெட்களில் ஓடும். அதே தகரக் குரல்தான். கொஞ்சம் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். கிடைக்கும் இடத்தை இதோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்கவேண்டியதில்லை. நீங்கள் எழுதிய பாதி இன்னும் அதில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் தெரியவேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?

ஜெஸிமா

*

ஸ்ரீரங்கம்,
8 டிசம்பர் 2024

ஜெஸி,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது அண்ணனே அதைக் கேட்டுவிட்டார்.

போன ஞாயிறு வரகனேரியில் இருந்தேன். அண்ணனும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். காதில் வைத்தவர் அப்படியே நின்றார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"வணக்கம். அவசரமா பணம் தேவைப்படுதா? அலைய வேண்டாம். இருந்த இடத்துலயே கடன் வாங்கலாம். ஒண்ண அழுத்துங்க."

அண்ணன் குரல். மண்டியில் கூவுகிற குரல் இல்லை. வீட்டில், சொந்தக்காரர்களிடம் பேசுகிற மாதிரி, இதமாக. அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "ஒண்ண அழுத்துங்க, தாமதிக்காதீங்க" என்று அவர் குரல் அவரிடமே சொன்னது. அழைப்பு துண்டான பிறகும் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒப்பந்தத்தை எடுத்து வந்து கொடுத்தேன். எவ்வகைப் பயன்பாட்டுக்கும், எக்காலத்துக்கும், மறுவிற்பனை உரிமையோடு என்று இருக்கிறது. வாங்கினவன் குரல்களைக் கடன் ஆப்புக்கு விற்றிருக்கிறான். மறுநாள் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வழக்குப் போடலாம், ஆனால் நிற்காது என்று அண்ணனின் கையெழுத்தைக் காட்டினார்.

அந்த ஞாயிறே அண்ணன் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, ஒரு பேப்பரில் "நீ படிச்சியா?" என்று எழுதினார்.

"படிச்சேண்ணே. இப்படிப் பண்ணுவானுங்கன்னு நெனைக்கல."

"எனக்குச் சொன்னியா?"

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அண்ணியை என்ன சொல்வது. அந்த நம்பரைத் திருப்பி அழைத்துப் பார்த்திருக்கிறார். அது எடுக்காத நம்பர். இப்போது எந்தத் தெரியாத நம்பர் வந்தாலும் முதல் மணியிலேயே எடுக்கிறார். அண்ணன் இருக்கும்போதே.

நீ சொன்ன இடத்திலிருந்து பலகையை இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். கையாலேயே வேண்டாம் என்றார். நான் கொண்டுபோன எதையும் தொடமாட்டார். நீ ஒருமுறை போய்ப் பார், ஜெஸி. எனக்காக இல்லை.

அன்பு

*

தென்னூர்,
9 பிப்ரவரி 2025

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

போனேன். ஒருமுறை என்றுதான் நினைத்தேன். நாலைந்து முறை ஆகிவிட்டது.

முதல் நாள் அண்ணன் கதவைத் திறந்ததும் பேப்பரில் "தங்கச்சி, இளைச்சிட்ட" என்று எழுதிக் காட்டினார். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். அண்ணியின் போனில் அவர் பழைய வாட்ஸ்அப் குரல் செய்திகள் இருக்கின்றன. கல்யாண வீடியோக்கள் இருக்கின்றன. இப்போது அவ்வளவு இருந்தாலே போதும், பழைய குரலைப் போல ஒன்றைச் செய்துவிடலாம், இந்தமுறை அது உங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது என்றேன்.

அவர் நெடுநேரம் எழுதினார். "அந்தக் கொரல் ஊரெல்லாம் கடன் விக்கிது. நான் அதே கொரல்ல மண்டில நின்னா, கடன்காரன் வந்துட்டான்னு ஓடுவானுங்க. வேணாம்."

அப்புறம் தகரக் குரலைக் கேட்டார். பெரம்பலூர் சரக்கு, யார் கேட்கிறீர்கள் என்று அது சொன்னதும் முகம் சுளித்தார். "இது யாரோடது?"

"யாரோடதும் இல்லண்ணே. சத்தத்த கணக்குப் போட்டுச் செஞ்சது."

"அப்ப இவன் பேச்ச மாத்தலாமா?"

மாற்றலாம் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தோம். பேசும் தமிழில் தட்டினால் அது உளறும். 'யாரு கேக்கறா' என்றால் எழுத்தெழுத்தாகத் துப்பும். அதனால்தான் அது செய்தி வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு கூவலையும் எப்படி இழுக்கவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று கையால் தாளம் போட்டுக் காட்டினார். நான் மாற்றினேன். சரியில்லை என்றால் மேசையில் தட்டுவார். மேசை உடைந்துவிடும் போலிருந்தது. இப்போதும் அது மனிதக் குரல் இல்லை. ஆனால் மண்டியில் நிற்கிற ஒரு இயந்திரத்தின் குரல்.

கடைசி நாளில் அதிலேயே தட்டிக் கேட்டார். "இத எவனாச்சும் நிறுத்த முடியுமா?"

"முடியாதுண்ணே. நான் செத்துப்போனாலும் ஓடும்."

"வாயக் கழுவு" என்றது பலகை. மூன்று பேரும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அண்ணியின் போன் அடித்தது. அவர் சிரிப்பை விட்டுவிட்டு ஓடினார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் மண்டிக்குப் போயிருக்கிறார். பழைய கூட்டம் இல்லை, பாதிப் பேர் வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள் என்று மீரான் பாய் என்னிடம் சொன்னார். ஆனாலும் நிற்கிறார்.

உங்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜெஸிமா

*

ஸ்ரீரங்கம்,
1 ஜூன் 2025

ஜெஸி,

நேற்று வரகனேரிக்குப் போனேன். வாசலிலேயே பலகையின் குரல் கேட்டது. அண்ணன் பால்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று வந்து, "மாமா, கெட்ட வார்த்த சொல்ல வைங்க" என்றது. அதற்கும் என்னவோ சொல்லி விரட்டினார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பலகையை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். பேனாவை எடுத்தார். பேப்பரில் "சொல்லு" என்று எழுதினார்.

"என்னண்ணே, அதுல பேசுங்களேன்" என்றேன்.

மறுபடியும் அந்த 'சொல்லு'வின் கீழே ஒரு கோடு போட்டார்.

ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த நேரத்தில் அண்ணியோடு பேச இரண்டு முறை பலகையை நிமிர்த்தினார். என் பக்கம் திரும்பியதும் கவிழ்த்துவிட்டார். எல்லோரிடமும் பேசுகிறார், ஜெஸி. என்னிடம் மட்டும் எழுதிக் காட்டுகிறார்.

அங்கே இருந்தபோது ஒன்று கவனித்தேன். 'வாழைப்பழம்' என்று தட்டினால் இரண்டாவது ழகரத்தை அது விழுங்குகிறது. வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தேன். சொற்களை ஒட்டும் இடத்தில் பிழை. அது நான் எழுதிய பாதி. சரிசெய்து அனுப்பியிருக்கிறேன், உன் பார்வைக்குக் காத்திருக்கிறது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு வேலையை உட்கார்ந்து ரசித்துச் செய்தேன்.

ஏற்றுக்கொள்வாயா? இன்னும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. உன் விதிவிலக்குப் பிரிவையும் இப்போதுதான் பொறுமையாகப் படித்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவேண்டியதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் டீ குடிக்கலாம் என்றால் சொல். முன்பு போல இல்லாவிட்டாலும் வேலையைப் பற்றியாவது பேசலாம். அண்ணனிடமும் நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.

அன்பு

*

தென்னூர்,
10 ஜூன் 2025

அன்புச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் திருத்தம் வந்தது. படித்தேன், சோதித்தேன், சரியாக இருந்தது. சேர்த்துவிட்டேன். புதுப் பதிப்பில் உங்கள் பெயரோடு இருக்கிறது.

இதை வேறு எதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மதுரையிலிருந்து முகம் தெரியாத ஒரு பையன் அனுப்பியதையும் இதே வாரம்தான் சேர்த்தேன். யார் அனுப்பினாலும் எடுத்துப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அந்த யாரில் ஒருவர். தொடர்ந்து அனுப்புங்கள், பிழைகள் நிறைய இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வரகனேரிக்குப் போய்ப் புதுப் பதிப்பை ஏற்றிக் கொடுத்தேன். அண்ணன் வாழைப்பழத்தைச் சரியாகச் சொல்ல வைத்தார். மறுபடியும் சொல்ல வைத்தார். "யாரு சரி பண்ணது?" என்று கேட்டார். நீங்கள் என்று சொன்னேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவர் மண்டியில் சரக்கு வரத்து குறைந்துவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வேலை என்னுடையதில்லை.

டீக்கு வருவதாக இல்லை. பலகையைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் இனி அதன் பொதுப் பக்கத்திலேயே எழுதுங்கள். அங்கே நான் எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

ஜெஸிமா